பல்லக்கு இறங்கிய பொட்டல்

பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் முந்தி, முள்ளிச்செவலில் சோணையன் என்று ஒருத்தன் இருந்தானாம். கோட்டை ராசாவுக்குப் பல்லக்குத் தூக்குகிறவன். தூக்கியவர்கள் நாலு பேர் என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. முன்னால் நாலு, பின்னால் நாலு, ஆக எட்டுப் பேர். சோணையன் முன்கொம்பு, பல்லக்குத் தண்டின் முன்நுனியில் முதல் ஆள்.

வழி பார்ப்பது முன்கொம்புக்காரன் வேலை. பின்னால் வருகிறவனுக்குப் பாதை தெரியாது. "கல்லு" என்று சோணையன் சொன்னால் காலைத் தூக்கி வைப்பார்கள். "பள்ளம்" என்றால் பதிந்து நடப்பார்கள். யோசிக்கமாட்டார்கள். யோசித்தால் பல்லக்குச் சாயும்.

கோட்டைக்கு வெளியே ராசாவின் கால் மண்ணில் பட்டால் ஆட்சி போய்விடும் என்று ஒரு ஐதீகம். அதனால் வழியில் எங்கேயும் பல்லக்கை இறக்கக் கூடாது. இறக்கினால் தூக்கியவன் தலை போகுமாம்.

அந்த வருசம் மழை இல்லை. ஊரில் ஊறியது ஒரே ஒரு கிணறு. அதையும் ராசா தன் குதிரைகளுக்கென்று முள்வேலி போட்டுக் காவல் வைத்துவிட்டாராம்.

ஒரு நாள் உச்சி வெயிலில் பல்லக்கு அந்தக் கிணற்றை ஒட்டி வந்தது. சோணையன் பெண்டாட்டி பேச்சி, பச்சை உடம்புக்காரி, பெற்ற பிள்ளையைக் கையில் ஏந்தி வேலியோரம் நிற்கிறாள்.

"ஐயா, ஒரு செரட்டைத் தண்ணி."

"குதிரைத் தண்ணி இது. போ."

"அப்ப என்னையும் ஒரு குதிரைன்னு நெனச்சுக்கோங்க."

காவல்காரன் பிடித்துத் தள்ளினான். கையில் பிள்ளையோடு விழுந்தாள். சோணையன் பார்த்தான். நிற்க முடியாது. கொம்பு தோளை அழுத்துகிறது, கழுத்தைத் திருப்ப முடியாது. நடந்தான், நடந்தான்.

பின்கொம்பில் பேச்சியின் தம்பி வெயிலான். "மச்சான், யாரு அழுறது? நம்ம அக்கா சத்தம் மாதிரி இருக்கே?"

சோணையன் நடந்துகொண்டே இருந்தான்.

திரைக்குள்ளிருந்து ராசா கேட்டாராம்: "என்னடா சத்தம்? வெரசா நடங்க."

அப்போதுதான் சோணையன் வாய் திறந்தது. "இறக்கு."

எட்டுத் தோளும் இறக்கிவிட்டன. பல்லக்கு மண்ணில் உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்றே உறைத்ததாம்.

"மச்சான், நீயா சொன்ன?"

"நான்தான்."

வீரர்களோடு கூட வந்த தளவாய் சாட்டையை உருவினார். "தூக்குங்கடா!" எட்டுப் பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். தளவாய் வீரர்கள் பக்கம் திரும்பினார். "நீங்க தூக்குங்க!"

"நாங்களா? கொம்பு சுமக்குற கூட்டமா நாங்க? நாளைக்கு எங்க வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா?"

தூக்க ஆளில்லை. இறங்கவும் வழியில்லை. உள்ளே ராசா வேகிறார். வெளியே சோணையன் முதுகில் அடி விழுகிறது. அடி விழ விழ ஊர் கூடியதாம். பக்கத்து ஊரும் கூடியதாம். கூட்டத்தைத் தடுக்கக் கிணற்றுக் காவலும் ஓடி வர, பெண்கள் வேலியைப் பிய்த்து எறிந்தார்கள். முதல் தண்ணீர் பேச்சிக்கு.

பொழுது சாயும்வரை பொறுத்தார் ராசா. பிறகு திரையை விலக்கிக் காலைக் கீழே வைத்தார். வீரர்கள் அந்தக் காலையே பார்த்தார்களாம். பார்த்துவிட்டு வேல்கம்புகளைப் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். காலில் மண்ணோடு போனவருக்குக் கோட்டைக் கதவும் திறக்கவில்லையாம். அதற்குப் பிறகு அந்தச் சீமையில் ராசா என்று யாரும் இல்லை.

அடி வாங்கி விழுந்த சோணையன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

"இனி இவன்தான் நமக்கு ராசா. பல்லக்குலயே கொண்டு போவோம்" என்றது ஊர்.

பேச்சி மறித்தாள். "உசுரக் குடுத்து எறக்கி வச்சிருக்காரு. அத மறுபடியும் தூக்குவீங்களா?"

பல்லக்கை அங்கேயே விட்டார்கள். கரையான் ஏறிப் புற்றானது. பொட்டலில் அந்தப் புற்று இன்றைக்கும் இருக்கிறது. கல்யாண மாப்பிள்ளை கார் அங்கே நிற்கும். மாப்பிள்ளை இறங்கி நடந்துதான் ஊருக்குள் வரவேண்டும். திருவிழாவில் அம்மனைக்கூடச் சக்கரம் வைத்துத்தான் இழுப்பார்கள். முள்ளிச்செவலில் தோளேறிப் போவது பிணம் மட்டும்தானாம்.