அழகான பட்டையை நம்பாத அக்காவுக்கு

கண்டதை நம்பாத கண்ணே! காதில் விழுந்ததைக் கடன் வாங்காத கருத்தே! ஐயங்களின் அரசியே! எங்கள் ஆய்வகத்தின் அன்புக்கும் அதைவிடச் சற்று அதிகமாக அச்சத்துக்கும் உரிய சந்தேக அக்காவே, வணக்கம்!

நீங்கள் ஓய்வுபெறும் இந்நாளில் வாசிக்கும் இம்மடலையும் நீங்கள் நம்பப்போவதில்லை என்பதை அறிந்தே எழுதத் துணிந்தோம். சென்ற ஆண்டு பண்டகக் காப்பாளர் ஓய்வுபெற்றபோது வாசித்த மடலைக் கேட்டுவிட்டு, "பேரை மாத்திப் போட்டா எங்க வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். எனக்கு இப்படி ஒண்ணு எழுதினீங்க, கையால தொட மாட்டேன்" என்றீர்களே, அதை மறப்போமா!

உறைபெட்டிக் கதவைப் பூட்டியவரே நீங்களாயினும் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பீர்கள். புதுச் சீசாவில் ஒட்டிய விவரத்தைத் தரகர் பேச்சைப் போலப் பாதி கழித்தே படிப்பீர்கள்.

சிறுநீரகத்தில் தண்ணீரை உடலுக்குள் திருப்பிவிடும் நீர்க்கால்வாய்ப் புரதத்தில், அதை வேலைசெய்ய வைக்கும் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள், புதுச் சீசாவில் வந்தது. எங்கள் இளம் மருத்துவர் புது மருந்து கொடுத்த மாதிரிகளில் அதை வைத்துப் பார்த்தார். பாஸ்பேட் இருந்தால் படத்தில் விழும் கரிய பட்டை பளிச்சென்று விழுந்தது. மருந்து பலிக்கிறது, ஓயாமல் சிறுநீர் பிரிந்து தூக்கமிழந்த நோயாளிகளுக்கு இனிக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இயக்குநர் முதல் அனைவரும் துள்ளினோம். நீங்கள் மட்டும் பட்டையை முறைத்தீர்கள். "இவ்வளவு அழகா இருக்கே, எனக்குப் பிடிக்கல" என்றீர்கள்.

உங்கள் வழக்கப்படி, பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியை அதே மாதிரிகளில் விட்டீர்கள். எதிர்ப்பொருள் யோக்கியமென்றால் பாஸ்பேட் போனதும் பட்டையும் மறைய வேண்டும். மறையவில்லை, இளித்துக்கொண்டு நின்றது. நொதியின் மேலும் உங்களுக்குச் சந்தேகம்! அதே எதிர்ப்பொருளின் பழைய சீசாவின் அடியில் கிடந்த மிச்சத்தை எடுத்துப் பார்த்தீர்கள். அதில் நொதி விட்டதும் பட்டை ஒழுங்காக மறைந்தது. மருந்து கொடுத்த மாதிரிக்கும் கொடுக்காததற்கும் அது வேறுபாடே காட்டவில்லை. ஆக, புதுச் சீசா எதற்கும் தலையாட்டும் ஆமாம்சாமி. மருந்து பலிக்கவே இல்லை.

இளம் மருத்துவர் வெகுநாள் உங்களோடு பேசவில்லை. ஆனால் பலிக்காத மருந்தை நம்பி ஒரு நோயாளியும் ஏமாறவில்லை. அவர்தாம் இன்று இம்மடலை வாசிக்கிறார். குரல் நடுங்கினால் அதையும் சந்தேகிக்காதீர்கள்.

அக்கா, இம்மடலையும் உங்கள் முறைப்படியே சோதித்துவிட்டோம். உங்கள் பெயரை எடுத்துவிட்டுப் பண்டகக் காப்பாளர் பெயரை வைத்தோம், சிரிப்புத்தான் வந்தது. இயக்குநர் பெயரை வைத்தோம்; "நிறுத்துங்கப்பா, அது நான் இல்ல" என்று அவரே எழுந்துவிட்டார். உங்கள் வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் வாசித்தோம், "நானா? யார் என்ன சொன்னாலும் நம்பிடுவேனேம்மா" என்றார். உங்கள் பெயர் போனதும் பொருளும் போய்விட்டது. இம்மடல் யோக்கியமானது!

நீடு வாழ்க! நோயின்றி வாழ்க! மருத்துவர் நலமென்று சொன்னாலும் இன்னொருவரிடம் காட்டிக்கொண்டே வாழ்க! நாளை முதல் எங்களைச் சந்தேகிக்க ஆளில்லை என்பது எங்களுக்கு வலிக்கிறது, அக்கா. இப்போதாவது கையை நீட்டி இதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் இன்னும் முழுதாய்த் தேறாத
ஆய்வகத்தார்