பொம்மையும் பட்டனும் ஒரே திரையில்

வேப்பூரிலிருந்து விருத்தாசலம் வரும் பஸ் ஒன்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் லேப்டாப்.

“அண்ணி, என் கேம்ல பொம்மை ஓடுனா குதிக்க வைக்கிற பட்டன் செத்துப்போவுது. பட்டன் பொழைச்சா பொம்மை நின்னுடுது.”

“ரெண்டும் நீ எழுதுனதுதான?”

“பைத்தான் கோடுலதான் எழுதுனேன். பொம்மைய வரையறது கேம் டூலு, பட்டன் போடுறது ஆப் டூலு. ரெண்டும் போன் ஸ்கிரீன் மொத்தமும் எனக்குத்தான்னு புடிச்சிக்குது. பதினோரு மணிக்கு இன்டர்வியூல இதத்தான் காட்டணும்.”

“எங்க செராமிக் கம்பெனில கப்பு மேல நேரா படம் வரையறதில்ல மலரு. தனியா தாள்ல அச்சடிச்சு, அத எடுத்தாந்து ஒட்டுவோம். உன் பொம்மையையும் அப்புடி ஒட்டேன்.”

மலர் லேப்டாப்பை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டாள்.

“கேம் டூலு ஸ்கிரீனுக்கே வராம உள்ளாரவே வரையட்டும். ஆப் டூலு ஒவ்வொரு படமா வாங்கி ஒட்டிக்கும். அண்ணி, நீங்க எங்கியோ போயிட்டீங்க!”

“நான் எங்கயும் போவல, வேலைக்குத்தான் போறேன். சீக்கிரம் எழுது.”

பதினெட்டு நிமிடம் தட்டினாள். அதற்குள் நான் நான்கு முறை கடிகாரம் பார்த்துவிட்டேன். பிறகு போனை இணைத்துப் பட்டனை ஏழு முறை அமுக்கினாள். ஓடிக்கொண்டிருந்த பொம்மை ஏழு முறையும் குதித்தது.

“அண்ணி, வேல செய்யுது!”

“கத்தாதடி, பஸ்ஸே பாக்குது. இன்னும் ரெண்டு ஸ்டாப்புதான் இருக்குது. தலைய வாரு.”