யாரும் எழுதாத ‘எங்கே’

ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொள்ளுங்கள். இது என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. பூட்டு அத்தான் என்று நாங்கள் எல்லோருமே கூப்பிடுவோம். எந்தப் பூட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். பெண் பார்க்கப் போன வீட்டில் குளியலறைத் தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்துக் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தவர். பயந்தாங்கொள்ளி இல்லை... ஜாக்கிரதைக்காரர். அப்பேர்ப்பட்டவருக்குத்தான் இது வந்தது.

மாலை ஆறே முக்கால். கிடங்குகளுக்கு நடுவே ஒரு சாலை. லாரிகள் போய்விட்டால் அங்கே ஈ காக்கை கிடையாது. சாலைக் கோடியில் ஒரு கட்டடம், அதன் மேல்மாடியில் அத்தானின் அலுவலகம். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர் மட்டும்...

தனியாக இருக்கும் வயதானவர்களுக்குத் தினமும் ஏழு மணிக்குத் தானாகவே ஒரு போன் போகும். நன்றாக இருந்தால் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ஆட்கள் போய்ப் பார்ப்பார்கள். இதுதான் அவர்களுடைய தொழில். அத்தானின் அம்மாவுக்கும் அந்த போன் போகும். மகன் வீட்டுக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது போய்ச் சேரும் ஊரில் தனியாக இருந்தாள்.

அந்த வயதானவர்களுக்கெல்லாம் டேட்டாபேஸில் ஆளுக்கொரு ஆவணம். கட்டம் போட்ட படிவம் மாதிரி இல்லை, யாருக்கு எதை வேண்டுமானாலும் சேர்த்து எழுதலாம். அத்தான் அதோடு நேராகப் பேசுவதில்லை. நடுவில் அடாப்டர் என்று ஒரு தரகர். இவர் கேட்பதை அதன் பாஷையில் சொல்லிப் பதில் வாங்கி வரும் கம்ப்யூட்டர் நிரல். அந்தத் தரகருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ‘யாருக்கு’ என்கிற இடத்தைக் காலியாக விட்டால் திருப்பிக் கேட்காது. எல்லோருக்கும் என்று எடுத்துக்கொள்ளும்.

முந்தின நாள் ஒரு தையல்காரத் தாத்தா ஒன்றை அழுத்தவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலிலேயே உயிர் போயிருந்தது. அத்தான் அவருடைய ஆவணத்தை மூடி வைக்கத் திறந்தார். பெயர், போன் எண், முகவரி... அதற்குக் கீழே ஒரு வரி.

எங்கே: கட்டிலருகே.

யார் எழுதியது? எந்த நிரலும் அப்படி எழுதுவதில்லை. அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்களைத் திறந்தார். கட்டிலருகே. கட்டிலருகே. எல்லோருக்கும் அதே வரி. உயிரோடு இருப்பவர்களில் யாருக்காவது ‘எங்கே’ இருக்கிறதா என்று கேட்டார். அடாப்டர் கொஞ்சம் யோசித்தது... பிறகு கொண்டுவந்தது. தெருமுனை. தெருமுனை. வாசல்.

வாசல் என்று இருந்தது அம்மாவின் ஆவணத்தில்.

உடனே போன் போட்டார். அம்மா சாவகாசமாகப் பேசினாள்.

“ஆமாப்பா, யாரோ வாசல்ல நிக்கறாங்க. கேட்டா பதில் இல்ல. ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குது. பாவம், உள்ள வந்து உக்காரச் சொல்லட்டுமா?”

“கதவத் தொறக்காதம்மா.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அந்த வரியை அம்மாவின் ஆவணத்திலிருந்து எடுத்துவிடும்படி அடித்தார். மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர் அன்று ஒரு தடவைகூடத் திரும்பப் படிக்கவில்லை. அனுப்பிவிட்டார். ஒன்று மாறியது என்று பதில் வர வேண்டும். வந்ததோ, எல்லாம் மாறியது என்று. அம்மாவின் அடையாள எண் இருக்க வேண்டிய இடம் காலி... தரகர் எல்லோரிடமிருந்தும் அந்த வரியைப் பிடுங்கிவிட்டிருந்தது.

“அட, போயிட்டாங்கப்பா” என்றாள் அம்மா.

அத்தானுக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லோருக்கும் போனால் நல்லதுதானே. ஆனாலும் பழக்கம் விடுமா? யாரிடமாவது ‘எங்கே’ மிச்சம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

ஒரே ஒரு ஆவணம் வந்தது. பெயர் இல்லை. எண் இல்லை.

எங்கே: முதுகுக்குப் பின்னால்.

அப்போதுதான் அந்த நாற்றம்... ஈரச் சாக்கு. ஏசி ஓடும் அறையில்.

திரும்பவில்லை அவர். அந்த ஆவணத்தை அழித்தார். ஒன்று அழிந்தது என்று பதில் வந்தது. மறுபடி கேட்டார். ஒன்று இருந்தது. அழித்தார். இருந்தது. வேறு யாராவது ஒருவரின் பெயரில் அந்த வரியை எழுதிவிட்டால் தன்னை விட்டுப் போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. பெயர்கள் எதிரே திறந்துதான் கிடந்தன. எல்லாம் யாரோ ஒருவருடைய அம்மா, யாரோ ஒருவருடைய அப்பா. கை எழவில்லை. என்னதான் செய்வார் மனிதர்?

அதற்குள் அம்மா வீட்டில் இன்னொரு போன் அடித்தது. ஏழு மணி. “இருப்பா, ஒன்னு அழுத்திட்டு வரேன்” என்று போனாள், அழுத்தினாள், திரும்பி வந்தாள். குரலே சரியில்லையே, முகத்தைக் காட்டு என்று வீடியோவைப் போடச் சொன்னாள். அத்தான் போட்டார். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பார்த்தவள் சிரித்தாள்.

“அங்கயா வந்துட்டாங்க? ஏம்ப்பா, வந்தவங்கள நிக்க வெச்சிருக்க? உக்காரச் சொல்லு.”

பக்கத்து மேசையின் சக்கர நாற்காலி... கிரீச்... மெதுவாக உருண்டு வந்து நின்றது. அத்தான் திரையை மட்டுமே பார்த்தார். கடைசியாக ஒரு தடவை கேட்டார்.

எங்கே: பக்கத்தில்.

அம்மா இன்றைக்கும் சௌக்கியம். தினமும் ஒன்றை அழுத்துகிறாள். அத்தான் அந்த வேலையை விட்டுவிட்டார். போன மாதம் நண்பன் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். சாப்பாட்டு நேரம். அத்தானுக்குப் பக்கத்து நாற்காலி காலி, ஆனால் அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாளாம். “ஏன்க்கா நிக்கற, உக்காரு” என்று நண்பன் அந்த நாற்காலியை அவள் பக்கம் இழுத்திருக்கிறான். நகரவில்லை. அத்தான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தானாம்... ஆள் உட்கார்ந்திருக்கிற கனம்.