மூடிய அறையின் காற்று

காலையில் கிணற்றடியில் முகம் கழுவி, சவரம் செய்து, சீனி போடாத தேநீரில் பாணைத் தோய்த்துத் தின்பேன். பிறகு சப்பாத்தைத் துடைப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. மாம்புரியில் பிள்ளை பெற்றவளின் கட்டிலடியில் சிரட்டைக் கரித் தணல் வைப்பார்கள். உடம்பு குளிரக் கூடாதாம். அதில் தவறில்லை. ஆனால் தணலை வைத்துவிட்டுச் சன்னலையும் கூரையடித் துவாரத்தையும் திறந்து விடுவார்கள். சூடெல்லாம் வெளியே போகும். மேலும் கரி போடுவார்கள். இந்தச் சனத்தின் அறிவு அவ்வளவுதான்.

நான் கொழும்பில் விஞ்ஞானம் படித்த பள்ளிக்கூட மாஸ்டர். ஒரு போத்தலில் தண்ணீரும் மரத்தூளும் இட்டு, தக்கையை இலேசாக வைத்து, விளக்கின் மேல் பிடித்துக் காட்டினேன். தூள் நடுவில் எழும்பி, மேலே பரவி, ஓரமாக இறங்கி, மறுபடி அடிக்கு வந்தது. அடைத்த அறையில் காற்றும் இப்படியே சுற்றும், கொஞ்சத் தணலே போதும் என்று விளக்கினேன்.

மருத்துவிச்சி சாரா உம்மா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். "போத்தலுக்குள்ள புள்ள பெத்தவளா படுத்திரிக்கா, மாஸ்டர்?"

மாமி சேர்ந்துகொண்டாள். "வுடுங்க உம்மா, மருமகன் மரத்தூளுக்கு நீச்சல் பழக்குறார்."

இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர்கள் சிரிப்பை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் பிள்ளை பெற்றுக் கட்டிலில் கிடந்த என் மனைவி பவுலினாவும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தாள்.

ஞாயிறு மகனுக்கு ஞானஸ்நானம். தாய் கோயிலுக்குப் போகும் வழக்கமில்லை. மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லாரோடும் போனாள். துணைக்கு நான் நின்றேன். துவாரத்தைச் சாக்கால் அடைத்தேன். சன்னலைச் சாத்தி வெளிப்புறம் கட்டை கொடுத்தேன். தணற்சட்டியை உள்ளே வைத்து, கதவை வெளியிலிருந்து பூட்டி, கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

அறை நன்றாகச் சூடேறியது. கதவைத் தொட்டுப் பார்த்தேன். என் கணக்குப் பிழைக்கவில்லை.

அடைத்த அறையில் கனலும் கரியின் வாயு நஞ்சு என்பதும் நான் படித்த புத்தகத்தில் இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மறக்கவில்லை. அந்த வாயுவும் சூட்டோடு சேர்ந்து சுற்றும். ஒரு மூலையும் மிஞ்சாது.

அவர்கள் திரும்பி வருமுன் சாக்கை எடுத்து, எல்லாவற்றையும் திறந்து வைத்தேன். மரண விசாரணைக்கு வந்த துரையிடம், அவள் "நல்ல இதமா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கியதாகச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன். நம்பினார். சாரா உம்மா நம்பவில்லை. அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

உண்மையில், முதலில் தலை இடிக்குது என்றாள். பிறகு கதவைத் தட்டினாள். நான் கொடியவன் அல்ல, ஐயா. அவள் தன் பிழையை ஒப்புக்கொண்டால் உடனே திறந்துவிடுவது என்றுதான் சாவியைக் கையில் வைத்திருந்தேன். அவள் கடைசியாகச் சொன்னது இது:

"சிரிச்சது பிழைதான். நீங்க சொன்னதுதான் சரி. இப்பக் கதவத் தொறங்க."