மழைக்கு முன்னால் மனத்தைக் கேளுங்கள்

மன்றத்தின் தலைமையை மாண்புற ஏற்றிருக்கும் பெரியவர் பாலசுப்பிரமணியன் அவர்களே! பேரிடர் முன்னேற்பாட்டுக் குழுவின் பெருமக்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையும் சுமந்து வந்திருக்கும் என் தாய்மார்களே! வண்ணார்பேட்டை ஆற்றோரத் தெருக்களின் உறவுகளே! தமிழாசிரியை சண்முகசுந்தரியின் தலைதாழ்ந்த வணக்கம்.

படகு வாங்கிவிட்டோம் என்றீர்கள், மகிழ்ந்தேன். கயிறு வாங்கிவிட்டோம் என்றீர்கள், மகிழ்ந்தேன். மனநலத்துக்கும் ஆள் உண்டு என்றீர்கள், சந்தேகப்பட்டேன்! ஏன்? என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் கணவர் குமரகுருபரன், மிக்சி பழுது பார்ப்பவர், சொல்லச் சொல்லித்தான் சொல்கிறேன்.

அந்த மார்கழிப் பெருவெள்ளம்! "அணை ஒடஞ்சிட்டு, ஓடுங்க!" என்று தெருவில் யாரோ ஒருவன் அலறினான். அணை உடையவில்லை ஐயா! ஆனால் நாங்கள் ஓடினோம். கல்யாண மண்டபத்தில் ஒண்டினோம். வெள்ளம் வடிந்து வீடு திரும்பினால் பூட்டு உடைந்து கிடக்கிறது. பீரோ வாய்பிளந்து நிற்கிறது. ஆறு எடுத்துக்கொண்டதை என்னவர் பொறுத்தார். ஆள் எடுத்துக்கொண்டதை அவரால் பொறுக்க முடியவில்லை.

என்ன கேட்கிறீர்கள் அண்ணாச்சி? போலீசில் சொல்லவில்லையா என்றா? சொன்னோம். திருடன் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் ஒருவனைச் சந்தேகித்திருப்பார். அகப்படாததால் ஊரையே சந்தேகித்தார்!

பால்காரரைச் சந்தேகித்தார். பக்கத்து வீட்டுச் சுடலைராஜைச் சந்தேகித்தார். கொல்லைப்புற வாசலில் கோலமாவைத் தூவிவிட்டு, விடிந்ததும் குனிந்து காலடித் தடம் தேடுவார். ஒருநாள் என்னிடமே கேட்டார்: "ஏளா, அன்னைக்கு அவன் அலறுததுக்கு முன்னாலயே நீ பையைத் தூக்கிட்டு நின்னியே, எப்படி?" தாய்மார்களே, அந்தக் கேள்விக்கு நான் அழுத அழுகை அந்த வெள்ளத்துக்குக்கூட அழவில்லை.

நிவாரணம் வந்தது. அரிசி வந்தது, பாய் வந்தது, போர்வை வந்தது. மனத்துக்கு என்ன வந்தது? ஒரு குழு வந்தது. "தூக்கம் வருதா?" என்று கேட்டது. படம் எடுத்தது. போனது. போனது போனதுதான்! "பாத்தியா, நோட்டம் பாக்க வந்திருக்கானுவோ" என்றார் இவர். 

பிறகு வந்தாள் ரீபா. பாளையங்கோட்டைப் பெண், மனநல ஆலோசகர். வாசற்படி ஏறவில்லை. "யாரு அனுப்புனா ஒன்னைய?" என்று இவர் சீறினார். அவள் சிரித்தாள்: "அண்ணாச்சி, என்னைய நம்ப வேண்டாம். நான் யாருன்னு எங்க தெருவுல வெசாரிச்சுட்டு, பொறவு பேசுங்க."

போனாரே! பேருந்து ஏறிப் போய், கடைக்காரரிடமும் தேவாலயத்து உபதேசியாரிடமும் விசாரித்துவிட்டு வந்தாரே! அடுத்த முறை ரீபா கேட்டாள்: "என்ன சொன்னாவ?" இவர் சொன்னார்: "கத்தரிக்காய்க்குக்கூடப் பேரம் பேசுவியாமே!"

சிரிக்கிறீர்கள். வெகுகாலத்துக்குப் பின் எங்கள் வீட்டிலும் அன்றுதான் சிரித்தோம்.

அவள் அவரைத் திருத்தவில்லை, கேட்டாள். வாரந்தோறும் வந்து கேட்டாள். "மறுபடியும் வெள்ளம் வந்தா யாரு சொன்னா வீட்டை விட்டு வருவீய?" அவர் சொன்னார்: "நானே ஆத்தைப் பாத்தாத்தான்." அதை மனத்தில் வைத்துக்கொண்டாள்.

வந்தது அடுத்த மழை. காலையிலேயே ஒலிபெருக்கி எச்சரித்தது. தெருவே கிளம்பியது. இவர்? கதவை உள்ளே பூட்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். உள்ளே நான், என் மகள். "வீட்டைக் காலி பண்ண வச்சு அள்ளப் பாக்கானுவோ. ஒருத்தரும் வெளிய போகக் கூடாது!" வாசலில் தண்ணீர் ஏறுகிறது. படகு என்ன செய்யும்? கயிறு என்ன செய்யும்? கதவைத் திறக்காத மனிதனை எந்தக் கருவி காப்பாற்றும்?

கைபேசியில் தகவல் சொன்னேன், நனைந்துகொண்டே வந்தாள் ரீபா. சன்னலோரம் நின்றாள். "அண்ணாச்சி, கெளம்பச் சொல்லல. ஆத்தைப் பாக்கணும்னியளே, வாங்க, பாப்போம். சண்முகசுந்தரியக்கா வீட்டுலயே இருக்கட்டும்." இவர் கைக்குள் இறுக்கியிருந்த சாவியை எடுத்தார். பூட்டுத் திறந்தது. வெளியே குடையோடு நின்றவர் யார் தெரியுமா? சுடலைராஜ்! ரீபா பின்தொடர, ஒரே குடைக்குள் இவரும் அவரும் தெருமுனை மேட்டுக்கு நடந்தார்கள். கரை தெரியவில்லை, படித்துறை தெரியவில்லை, செம்மண் வெள்ளம் ஒன்றே தெரிந்தது. திரும்பி வந்தவர் சொன்னார்: "ஏளா, பிள்ளையக் கூட்டிக்கிட்டு பொறப்படு."

அன்று மாலைக்குள் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர்.

சந்தேகம் போய்விட்டதா என்கிறீர்களா? போகவில்லை. பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். இன்றும் இழுத்துப் பார்க்கிறார். இழுக்கட்டும்! இழுத்துப் பார்க்க அவர் இருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்க நான் இருக்கிறேன். எங்கள் மகள் இருக்கிறாள்!

இரண்டாம் வெள்ளம் வந்த பின்தான் ரீபா வந்திருந்தால், யாரோ ஒருத்தியாக வந்திருப்பாள். அந்த வெள்ளத்துக்கு முன்பே வந்ததால், விசாரித்து அறிந்த ஒருத்தியாக வந்தாள். ஆகவே தலைவர் அவர்களே, "ஆள் உண்டு" என்ற சொல் எனக்குப் போதாது. எந்த ஆள்? எங்கள் தெருவுக்கு யார்? மழைக்கு முன்னால் எப்போது வருவார்? தலைவர் புன்னகைக்கிறார், புன்னகையை நான் பதிலாக ஏற்பதில்லை. அந்த ஆளின் பெயரை இந்த மேடையிலேயே சொல்லுங்கள். நாங்கள் போய் விசாரித்துக்கொள்கிறோம்!

செவி தந்த உங்களுக்கும், இந்தக் கதையைச் சொல்ல அனுமதி தந்த என்னவருக்கும் நன்றி. பெயரைக் கேட்கக் காத்திருக்கிறேன், வணக்கம்.