ஜாம் ஜாடியில் தோப்புக்காரர் பெயர்

வில்லியனூர் ஸ்டேஷனில் விழுப்புரம் வண்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தோப்புக்காரர் ஜாம் கம்பெனி முதலாளியிடம் ஒரு ஜாம் ஜாடியைத் தூக்கிக் காட்டியதும் என் காது அங்கே போய்விட்டது.

"ஜாம் செஞ்சது நீங்க. ஜாடில ஒட்டுன சீட்டுல எம்பேரு இன்னாத்துக்கு மொதலாளி?"

"பிரான்சுக்குப் போற சரக்குப்பா. உள்ள இன்னா இருக்கு, யாரு செஞ்சதுன்னு ஒட்டணும், சட்டம். உன் தோப்புப் பழம், உனக்குத்தான பெருமை?"

"வாத்தியாருகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். மாம்பழம் மட்டும்னு போட்டுருக்காம். உங்க கொல்லையில கெடந்த பப்பாளித் தோலு எங்கேருந்து வந்துச்சு?"

"மெதுவாப் பேசுப்பா!"

"அங்க புடிச்சா செயிலுக்குப் போறது நானா?"

எச்சில் தொட்டு, நகத்தால் தன் பெயரைச் சுரண்ட ஆரம்பித்தார்.

முதலாளி தடுக்கவேயில்லை. "நல்லா சுரண்டு. மத்த ஜாடியெல்லாம் நேத்தே கப்பல் ஏறிடுச்சு."