பேனல் கழுவும் முன்

சோலார் பேனல்களை வெயில் ஏறுவதற்கு முன்னால் கழுவிவிட வேண்டும், ஐயா. சூடேறிய கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விழும். சோப்பு கூடாது, தேங்காய் நார் கூடாது. பழைய நூல் புடவைத் துணிதான் நல்லது. மற்ற ஊர்க்காரர்கள் மாதம் ஒருமுறை கழுவினால் போதும். புதுவாயல் பக்கத்தில் எங்கள் தெருவில் அது நடக்காது. சிப்காட் உருக்காலைகளின் கரி ராத்திரி முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் மாடி ஏறினால் கண்ணாடி மேல் விரலால் கோலம் போடலாம்.

நீங்கள் நாற்காலி கொடுத்து நிதானமாகக் கேட்டீர்கள். நானும் நிதானமாகவே சொல்கிறேன். அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சத்தமே இல்லாத அறையில் என்னால் உட்கார முடியாது. என் பெயர் தேசப்பன். அந்த ஆலைகளில் ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை பார்த்த காலம் முழுக்க என் கையால் ஒருவருக்கும் ஷாக் அடித்ததில்லை. கரண்ட் விஷயத்தில் நான் கவனக்குறைவானவன் என்று யார் சொன்னாலும் அதை நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் என் மனைவி எல்லம்மாவும்தான். அவளுக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. மூக்கில் டியூப் மாட்டிக்கொண்டு ஆக்ஸிஜன் மெஷினோடுதான் இருப்பாள். அந்த மெஷின் புஸ், புஸ் என்று ஓயாமல் மூச்சு விடும். வந்த புதிதில் பேஜாராக இருந்தது. பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது என்று ஆகிவிட்டது.

போன வருஷத்து மழைக்காலத்தில் புயல் அடித்துக் கம்பங்கள் சாய்ந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மெஷின் நின்று எல்லம்மாவின் உதடு நீலம் பாரித்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டு, ரோட்டில் ஓடிய வெள்ளத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிழைத்துக்கொண்டாள். மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். பட்டப்பகல். கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

ஐயா, நான் பாம்புக்குப் பயந்ததில்லை. ஹை டென்ஷன் லைனுக்குப் பயந்ததில்லை. அந்த வீட்டைக் கண்டு பயந்தேன். துணியை எடுக்காமலே வெளியே வந்து ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இவள் போய்விட்டால் நான் எப்படி இந்த வீட்டுக்குள் நுழைவேன் என்று மட்டும்தான் மனம் ஓடியது. ஆஸ்பத்திரியில் அவள் எப்படி இருக்கிறாள் என்று அந்த நேரம் நான் நினைக்கவே இல்லை. இப்போது சொல்லும்போதுதான் அது எனக்கே தெரிகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தக் கரிக்காற்றை விட்டு வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், போகப் போக மெஷினே தேவைப்படாமல் போகலாம் என்றார். டாக்டர்கள் ஆயிரம் சொல்வார்கள். நான் எல்லம்மாவிடம் சொல்லவில்லை. அது பொய் இல்லை, சொல்லாமல் விட்டது. அதற்குப் பதிலாகத்தான் மாடியில் பேனல் வைத்தேன். அவள் கட்டில் பக்கத்துச் சுவரில் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் மாட்டினேன். ஊரே இருட்டில் கிடக்கும்போது எங்கள் வீட்டில் மெஷின் மட்டும் மூச்சு விட்டது. இனி எந்தப் புயலும் அவளை என்னிடமிருந்து கொண்டுபோக முடியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

புயலுக்கு வழி அடைத்தேன், மச்சானுக்கு அடைக்க முடியவில்லை.

எல்லம்மாவின் தம்பி குணாளன் பள்ளிப்பட்டில் விவசாயம் பார்த்தான். நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்காவைப் பார்க்க வருவான். வந்ததும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, மாமாவுக்கு முட்டி வலி என்று சொல்லி, வாளியோடு மாடி ஏறிப் பேனல்களைக் கழுவுவான். ஒருநாள் கழுவிவிட்டு இறங்கிவந்தவன், துடைத்த துணியை எல்லம்மா முன்னால் விரித்துக் காட்டினான். அடுப்பு துடைத்த துணி தோற்றுப்போகும்.

"கண்ணாடி மேலயே இவ்ளோ கரி கீதே மாமா, அக்கா நெஞ்சுல எவ்ளோ இருக்கும்? இன்னாத்துக்கு இதுல ஒக்காந்துகினு கெடக்கணும்? எங்க ஊட்டாண்ட வந்து இருக்கட்டும். கவிப்பிரியா நல்லா பாத்துக்குவா."

கவிப்பிரியா அவன் மனைவி. எல்லம்மா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பேட்டரி, பேனலு எல்லாம் இங்கதான கீது மச்சான்," என்றேன்.

"பேட்டரியா முக்கியம் மாமா? மூச்சுதான முக்கியம்?"

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். வாராவாரம் அவன் இதையே பேசினான். வாராவாரம் எல்லம்மா இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிறு வருகிறதென்றாலே எனக்கு சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான் பின் தெருவில் யாரோ மோட்டாரின் காப்பர் ஒயரைத் திருடிப் போனார்கள். எனக்கு அது ஒரு வகையில் உதவியாக இருந்தது. என் பயத்துக்குத் திருடன் என்று ஒரு பெயர் வைக்க முடிந்தது. பேனல் போனால் பேட்டரி நிறையாது, பேட்டரி நிறையாவிட்டால் மெஷின் நிற்கும், நியாயம்தானே? அதனால் பேனல்கள் நிற்கும் இரும்புச் சட்டத்துக்கு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்தேன். வயலில் காட்டுப்பன்றிக்குக் கரண்ட் வேலி வைக்கிறார்களே, அதே கணக்குதான். சட்டப்படி தப்பு என்று தெரியும். இருட்டியதும் போடுவேன், விடிந்ததும் அணைப்பேன். அதற்கான சுவிட்ச் பேட்டரிக்குக் கீழே, எல்லம்மாவின் தலைமாட்டுப் பக்கம் இருந்தது.

அவளுக்கு அந்த ஒயர் பிடிக்கவே இல்லை. யாராவது தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அழுதாள். வெளியே தெரிந்தால் கரண்ட் ஆபீஸிலிருந்து வந்து பேட்டரியையே பிடுங்கிக்கொண்டு போவார்கள், பிறகு உன் மூச்சுக்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். பயந்துபோய்த் தம்பியிடம்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் தினமும் காலையில் வாளிச் சத்தம் கேட்டால் போதும், மூக்கு டியூபை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டு கேட்பாள்.

"ஆஃப் பண்ணிட்டியாய்யா?"

"பண்ட்டேன்," என்பேன். அதற்கு அப்புறம்தான் யாரும் மாடிப்படியில் கால் வைப்பது. மற்ற வீடுகளில் விடிந்ததும் சாமி கும்பிடுவார்கள், எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியும் பதிலும்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலே குணாளன் காரோடு வந்தான். பின் சீட்டில் தலையணை, போர்வை எல்லாம் போட்டிருந்தான். எல்லம்மா பை கட்டி வைத்திருந்தாள். எப்போது கட்டினாள் என்று எனக்குத் தெரியாது. பொங்கல் முடிந்து வந்துவிடுகிறேன், நீயும் வாயேன் என்றாள். அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது, ஐயா. கல்யாணமான புதிதில் பார்த்தது. அதைப் பார்த்த உடனே இவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வா மாமா. இங்க ஒண்டியா இன்னா பண்ணப் போற?" என்றான் குணாளன்.

மச்சான் வீட்டுச் சோற்றுக்குப் போய் உட்காருகிற ஆள் நான் இல்லை. ஆனால் ஒண்டியா என்று அவன் சொன்னது எனக்குள் இறங்கிவிட்டது. அந்தப் பட்டப்பகல், திறந்த கதவு, சத்தமில்லாத வீடு எல்லாம் கண் முன்னால் வந்தன.

"கெளம்பறதுக்கு முன்ன பேனல கழுவிட்டு வந்துட்றேன். நாஷ்டா அப்பால பாத்துக்கலாம்," என்று அவன் வாளியை எடுத்தான். வெறுங்கால். எப்போதும் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போ மச்சான் என்பேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

மாடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு வாளி உருண்டது. இன்வெர்ட்டர் நீளமாகக் கத்தியது, மெஷின் நின்றது. எல்லம்மா மீனைப் போல வாயைத் திறந்தாள். நான் முதலில் அந்த ஒயரின் சுவிட்சை அணைத்தேன். பிறகு இன்வெர்ட்டரைத் திரும்பப் போட்டேன். மெஷின் மூச்சு விட ஆரம்பித்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் மாடிக்குப் போனேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

அணைக்க மறந்துவிட்டேன் என்று நேற்று இதே ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே சரியாகப் படவில்லை. மறக்கிற ஆள் இல்லை நான்.

இன்றைக்கு நீங்கள் பள்ளிப்பட்டு போய்வந்ததாகச் சொன்னீர்கள். குணாளன் அடக்கம் முடிந்ததும் கவிப்பிரியா எல்லம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டாள் என்றும், டியூபைக் கழற்றிவைத்துவிட்டு அவள் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள் என்றும் சொன்னீர்கள். அதை நான் நம்பவில்லை. புருஷனைச் சாகக் கொடுத்தவள் எதற்கு என் மனைவிக்குச் சோறு போட வேண்டும்? மெஷின் இல்லாமல் எல்லம்மாவால் முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்னதாக நீங்கள் சொன்ன இன்னொன்று உண்மைதான்.

அன்றைக்கும் அவள் கேட்டாள். குணாளன் முதல் படியில் கால் வைத்திருந்தான். தம்பி காதில் விழாதபடி, டியூபை ஒதுக்கிக்கொண்டு, "ஆஃப் பண்ணிட்டியாய்யா?" என்றாள். சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கை நீட்டினால் எட்டும். அவள் கண்ணுக்கு விளக்கு தெரியாதபடி கொஞ்சம் தள்ளி நின்றேன். பண்ட்டேன் என்றேன். அவள் நம்பினாள். எந்த நாளும் நான் அவளிடம் பொய் சொன்னதில்லை, அதனால் நம்பினாள். அவன் படியேறிப் போகும் சத்தத்தை நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவ்வளவுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உதவி. வீட்டைப் பூட்டி சீல் வைத்திருக்கிறீர்கள், பேனலில் கரி ஏறியிருக்கும். யாரையாவது அனுப்பி, வெயில் ஏறுவதற்கு முன்னால் கழுவிவிடச் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம், ஒயரைப் பிடுங்கிவிட்டேன். பேட்டரி நிறைந்தே இருக்க வேண்டும். பொங்கல் முடிந்து வந்துவிடுவதாக அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.